செத்த விவசாயி, கோடீஸ்வர விவசாயி – நடுவுல நாம எங்கே?

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஆவணப்பட, குறும்பட விழாவுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருத்தர், "விவசாயத்தைப் பத்தி நாலஞ்சு படம் போடுறாங்க, நீங்க அவசியம் வரணும்"னு கூப்பிட்டார். நாற்று பறிக்க ஆள் சொல்லியிருந்த நேரம். அதைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அங்கே பார்த்த ஒரு குறும்படம் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. கிணறு வத்திப்போன ஒரு அம்மா. ரெண்டு ஆடு, ஒரு பசு, காய்ஞ்ச நிலம். வசனம் அதிகமில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நல்ல கைதட்டல். படம் எடுத்த தம்பியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என்ன கேமரா, எத்தனை நாள் எடுத்தீங்க, அடுத்து எந்த விழாவுக்கு அனுப்பப் போறீங்க என்று கேள்வி மேல கேள்வி. அப்போது பின் வரிசையில் ஒரு வயசான அம்மா எழுந்தார். மகளிர் குழுவோடு வந்திருந்தவர். "தம்பி, படம் நல்லாருக்கு. அந்த அம்மா இதைப் பாத்துருச்சா?" என்று கேட்டார்.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. "இல்லம்மா, இன்னும் காட்டல"ன்னு தலையைக் குனிந்துகொண்டார். நல்ல பையன்தான். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவருக்கு மட்டுமில்லை, நமக்கும்தான் என்று ஊர் திரும்புகிற வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. நம்மளைப் பத்தி இத்தனை படம் வருது. நாம அதைப் பார்க்கிறோமா? பார்த்துவிட்டு, "இது சரி, இது தப்பு"ன்னு சொல்ல நமக்கு ஒரு இடம் இருக்கா?

நானும் வீடியோவுல வந்தவன்தான்

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் என் வயலுக்கு வந்தார்கள். கார்த்திகை மாசம். நல்ல மழை பெய்து, கருப்புக் கவுனி பச்சைப் பசேல் என்று நின்றது. மூணு மணி நேரம் எடுத்தார்கள். நானும் மறைக்காமல் எல்லாம் சொன்னேன். முந்தின வருஷம் கதிர் முத்துகிற நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடிச்சு, பயிர் அத்தனையும் சாய்ந்து, தண்ணிக்குள்ளேயே முளைவிட்டுப் போனதைச் சொன்னேன். அரிசியாக்கி விற்க எட்டு மாசம் ஆனதைச் சொன்னேன். பாரம்பரிய நெல்லைத் தனியாக அரைத்துக் கொடுக்கிற மில்லைத் தேடி அலைந்ததைச் சொன்னேன். ஏக்கருக்கு 75 ஆயிரம் ரூபாய்க்கு அரிசி விற்றதையும், அதில் உழவு, நடவு, ரெண்டு களை, அறுப்பு, அரவை, சாக்கு, வண்டி வாடகை என்று 42 ஆயிரம் போனதையும் சொன்னேன். என் உழைப்புக்கும் என் சம்சாரம் உழைப்புக்கும் கூலி அந்தக் கணக்கில் இல்லை என்றும் சொன்னேன்.

வீடியோ வந்தது. பன்னிரண்டு நிமிஷம். தலைப்பு: "ஏக்கருக்கு 75 ஆயிரம் லாபம்! அசத்தும் இயற்கை விவசாயி!" நான் சொன்ன வரவு லாபமாகிவிட்டது. சாய்ந்த பயிரும், மில்லைத் தேடி அலைந்ததும் காணோம். வயலுக்கு நடுவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்தான் முகப்பில்.

எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சொந்தக்காரர்கள் போன் பண்ணினார்கள். அரிசி கேட்டும் நாலு பேர் வந்தார்கள். தலைப்பை மாத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஆவணியில் ஒரு தம்பி தேடி வந்தார். நகரத்தில் வேலையை விட்டுவிட்டு மூணு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். "ஐயா, உங்க வீடியோவைப் பார்த்துத்தான் துணிஞ்சேன்" என்றார். விதை கொடுத்தேன். வழியும் சொன்னேன். ஆனால் முதல் போகத்திலேயே களையும் தண்ணியும் சேர்ந்து அவரைக் கவிழ்த்துவிட்டது. குத்தகைப் பணம், கைமாத்து எல்லாம் போய், மறுபடி வேலைக்கே போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்: "ஐயா, நஷ்டத்தைப் பத்தி நீங்க அதுல ஒரு வார்த்தை சொல்லலையே?"

நான் சொல்லியிருந்தேன். வெட்டியது வேறு ஒருத்தர். ஆனால் வெட்டினதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது நான். அந்தத் தம்பியின் குத்தகைப் பணத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

ரேடியோ நெல்லை மறந்துடலாமா?

"படத்தைப் பார்த்து எவன் விவசாயம் பண்ணப் போறான்? விட்டுத் தள்ளுங்க" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்துகிறேன். 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்கிற குறுகிய கால நெல் பரவியது. வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பரவியதால் அதற்கு "ரேடியோ நெல்" என்றே ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு விதைக்கு ஊடகத்தின் பெயரே வந்துவிட்டது!

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 1948இல் மத்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. கொட்டகையில் எந்தப் படத்துக்குப் போனாலும் முதலில் அவர்களுடைய செய்திப்படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அணை, டிராக்டர், வீரிய விதை, ரசாயன உரம் எல்லாம் அந்தத் திரையில் வந்தன. நம்ம தாத்தாக்கள் மூட்டை மூட்டையாக யூரியா வாங்கியதற்கு மானியம், கடன், அதிகாரி என்று பல காரணங்கள் உண்டு. கண்ணால் பார்த்த படமும் அதில் ஒரு காரணம்.

அதனால் படம் சாதாரண விஷயமில்லை. அது நிலத்தை மாத்தும், விதையை மாத்தும், ஆளையும் மாத்தும். அன்னைக்கு அரசாங்கம் காட்டியதைப் பார்த்தோம். இன்னைக்குச் செல்போன் காட்டுவதைப் பார்க்கிறோம். ரெண்டிலுமே படத்தை முடிவு பண்ணுகிற இடத்தில் நாம் இல்லை.

இரண்டே வகை விவசாயி

விழாக்களில் வரும் விவசாயப் படங்களையும் யூடியூபில் வரும் வீடியோக்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. திரையில் இரண்டே வகை விவசாயிதான் இருக்கிறார். விழாவில் செத்துப்போன விவசாயி. யூடியூபில் கோடீஸ்வர விவசாயி.

செத்துப்போனவரைப் பற்றிய படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீபா பாட்டியா 2009இல் எடுத்த 'நீரோஸ் கெஸ்ட்ஸ்' என்கிற ஆவணப்படத்தை நம்மில் ஒவ்வொருத்தரும் பார்க்க வேண்டும். விதர்பாவில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட வீடுகளுக்குப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் போவதைக் கூடவே போய்ப் படமாக்கியிருக்கிறார்கள். ரோமாபுரி மன்னன் நீரோ கைதிகளைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் விருந்து வைத்தானாம். நீரோ கொடுங்கோலன், சரி. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட விருந்தாளிகள் யார் என்பதுதான் சாய்நாத் எழுப்புகிற கேள்வி. 1995 முதல் 2015 வரை இந்த நாட்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறவர்களைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற படம் அது.

ஆனால் விவசாயி என்றாலே சாவு, கடன், ஒப்பாரி என்று மட்டுமே காட்டினால் என்ன ஆகும்? பார்க்கிற நகரத்து ஆளுக்குக் கண்ணீர் வரும். நம்ம வீட்டுப் பிள்ளைக்கோ, "இந்தத் தொழிலே வேண்டாம்"னு முடிவு வரும். அந்தப் பக்கம் 'லட்சம் லட்சமாக லாபம்' வீடியோ பார்க்கிற பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் குத்தகைக்கு நிலம் பிடிக்கும். ரெண்டு பேருக்குமே நாம் யார் என்று தெரியவில்லை. ஒரு வருஷம் மிஞ்சி, ஒரு வருஷம் கையைக் கடித்து, மாட்டை நம்பி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி, பிள்ளையைப் படிக்க வைத்து, நடுவில் நிற்கிற நம்மள மாதிரி ஆட்கள்தான் அதிகம். அந்த நடுவில் இருக்கிறவர் படத்தில் இல்லை.

அப்படி எடுக்கவே முடியாதா என்றால், முடியும். வெளிநாட்டில் ரெண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, வடக்கு மாசிடோனியா நாட்டுப் படம் 'ஹனிலேண்ட்', 2019இல் வந்தது. மலைக்கிராமத்தில் வயசான தாயோடு இருக்கிற, தேனீ வளர்க்கிற ஒரு அம்மாவின் கதை. பெயர் ஹதீஜே. தேன் எடுக்கும்போது பாதியைத் தேனீக்கே விட்டுவிடுவார். அதுதான் அவருடைய சட்டம். பக்கத்தில் குடிவந்த ஒரு குடும்பம் வியாபாரி அவசரப்படுத்துகிறார் என்று மொத்தத் தேனையும் எடுத்துவிடுகிறது. பட்டினியான அந்தத் தேனீக்கள் ஹதீஜேயின் தேனீக்களைத் தாக்கி அழிக்கின்றன. மூணு வருஷம் கூடவே இருந்து, சுமார் 400 மணி நேரம் எடுத்து, அதிலிருந்து ஒன்றரை மணி நேரப் படமாக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் வில்லனாகக் காட்டவில்லை. அவருக்கும் ஏழெட்டுப் பிள்ளை, பசி. படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விருதுப் பணத்தில் ஹதீஜேக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள் என்பதும் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

இன்னொன்று, அமெரிக்காவில் ஜான் செஸ்டர் தன் சொந்தப் பண்ணையைப் பற்றி எடுத்த 'தி பிக்கெஸ்ட் லிட்டில் ஃபார்ம்'. கலிபோர்னியாவில் 200 ஏக்கர் செத்த மண். அதை உயிர்ப்பிக்க எட்டு வருஷப் போராட்டம். நத்தை மரத்தைத் தின்கிறது. வாத்தை விட்டால் வாத்து நத்தையைத் தின்கிறது. எலி வகைப் பிராணி வேரைக் கடிக்கிறது. ஆந்தைக்குக் கூடு வைத்தால் ஆந்தை அதைப் பிடிக்கிறது. நாம் வரப்பில் பறவைக்குக் குச்சி நட்டு வைக்கிற அதே சங்கதிதான். ஒரு வருஷத்தில் ஒண்ணும் சரியாகாது என்பதை அந்தப் படம் போல யாரும் காட்டவில்லை. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. முதலீட்டாளர் பணம் வந்தது என்று சொல்கிறார்களே ஒழிய, எட்டு வருஷத்தில் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு வந்தது என்ற கணக்கே இல்லை. கணக்கில்லாத விவசாயப் படம் உப்பில்லாத சோறு. இதை நான் எந்த விழாவிலும் எழுந்து நின்று சொல்வேன்.

கேமராவைக் கையில் எடுத்த பெண்கள்

வெளிநாடு எதுக்கு, நம்ம நாட்டிலேயே இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்கிற அமைப்பு. அதை வழிநடத்திய பி.வி. சதீஷ் முன்னாள் தொலைக்காட்சிக்காரர், 2023இல் காலமானார். அந்த அமைப்பின் சங்கங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள், சிறு விவசாயிகள். மானாவாரியில் கம்பு, சோளம், தினை, துவரை என்று ஒரே நிலத்தில் இருபது வகை வரை கலந்து விதைப்பவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் கேமரா பிடிக்கவும், படத்தொகுப்பு செய்யவும் கற்றுக்கொண்டு தங்களுக்கென்று சமூக ஊடக அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். 2008இல் சொந்தமாகச் சமூக வானொலியும் தொடங்கினார்கள்.

அவர்கள் படப்பிடிப்புக்கு வைத்திருக்கிற பெயர்களைக் கேளுங்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் அது 'பட்டேல் ஷாட்'. பண்ணையார் நம்மை அப்படித்தானே பார்ப்பார்! கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் 'அடிமை ஷாட்'. கண்ணுக்கு நேராக வைத்து எடுத்தால் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் ஒரே தரையில் உட்காருவதால் அந்தப் பெயர். சினிமாப் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுப்பதை இந்தப் பெண்கள் மூணு வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். அன்னைக்கு விழாவில் பார்த்த படங்களை இந்த மூணில் பிரித்துப் பார்த்தேன். நிறைய பட்டேல் ஷாட்தான். ட்ரோன் வந்தபிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது. வானத்திலிருந்து பார்த்தால் எல்லார் வயலும் அழகாகத்தான் தெரியும். களை தெரியாது.

2002இல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அந்த முதல் வருஷமே வாரங்கல்லில் அதைப் போட்ட விவசாயிகளிடம் இந்தப் பெண்கள் போனார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் போய் எடுத்துவிட்டு வரவில்லை. பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போனார்கள். முதலில் நம்பிக்கையோடு பேசிய அதே ஆட்கள் அறுவடை நேரத்தில் கோபத்தோடு பேசுவது அப்படியே பதிவாகிவிட்டது. வாரங்கல் விவசாயிகளுக்கு பி.டி. பருத்தி மேல் ஏன் கோபம் என்று கேட்கிற தலைப்போடு 2003இல் அந்தப் படம் வந்தது. மூணு வருஷம் தொடர்ந்து கவனித்து 2005இல் இன்னொரு படம். பல நாடுகளில் அவை திரையிடப்பட்டன.

இதனால் பி.டி. பருத்தி நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதுதான். பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் பழகிக்கொண்டு திரும்பி வந்த கதை பருத்திக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் முதல் வருஷமே விவசாயி என்ன சொன்னார் என்பதற்கு, அவர் முகத்தோடும் குரலோடும் ஒரு சாட்சி இருக்கிறது. கம்பெனிக்காரர் விளம்பரப் படத்துக்கு எதிரில் வைக்க நம்மிடம் ஒரு படம் இருக்கிறது. அது சின்ன விஷயமில்லை.

படத்துக்கும் விதை நெல் கணக்கு

அப்படியானால் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

முதலில், விழாக்களுக்கு நாம் போக வேண்டும். மதுரையில் அமுதன் ஆர்.பி.யும் நண்பர்களும் 'மறுபக்கம்' சார்பில் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறார்கள். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சலச்சித்ர அகாடமி 2008 முதல் நடத்துகிறது. ஒரு விழாவில் நாலு விவசாயி போய் உட்கார்ந்தாலே கேள்விகள் மாறிவிடும். "என்ன கேமரா"ங்கிற கேள்வி போய், "எத்தனை போகம் கூட இருந்தீங்க"ங்கிற கேள்வி வரும்.

ரெண்டாவது, நல்ல படங்களை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு வழிகாட்டி நம்ம நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் ரெண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அப்படித்தான் பாரம்பரிய நெல் ஊர் ஊராகப் போனது. படத்துக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு ஊரில் ஒரு படம் பார்த்தவர்கள், அடுத்த வருஷத்துக்குள் ரெண்டு ஊரில் போட்டுக் காட்ட வேண்டும். பஸ்தாபூர் பெண்கள் வருஷா வருஷம் சங்கராந்தியில் தொடங்கி, மாட்டு வண்டியில் விதைகளை ஜோடித்து ஊர் ஊராகப் பழம்பயிர்த் திருவிழா கொண்டுபோகிறார்கள். விதை போகிற வண்டியில் படமும் போகலாம்.

செலவுக்கு என்ன பண்ணுவது? மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேஸா நண்பர்களும் 1980களில் ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படத்தைப் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் காசு திரட்டி, 'அம்ம அறியான்' என்ற படத்தையே எடுத்து முடித்தார்கள். நமக்குப் படம் எடுக்கக்கூட வேண்டாம், காட்டினால் போதும். இப்போது பெரும்பாலான ஊரில் யாரோ ஒருத்தரிடமோ பள்ளிக்கூடத்திலோ புரொஜெக்டர் இருக்கிறது. ஒரு வெள்ளை வேட்டி, கோயில் விழாவுக்கு வாடகைக்கு வருகிற ஸ்பீக்கர், போதும்.

ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். படம் எடுத்தவரிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். நம்மளை மாதிரியே அதுவும் ஒருத்தர் உழைப்பு. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேற்பட்ட படம் வேண்டாம். வேலை முடிந்து வருகிறவர்கள் தூங்கிவிடுவார்கள். அதிகப் படங்கள் இந்தியிலோ இங்கிலீஷிலோ இருக்கும். எழுத்தை வாசிக்கச் சொல்வது நடக்காது. முன்கூட்டியே படத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஓடும்போதே ஒருத்தர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டு வரலாம். முக்கியமாக, படம் முடிந்ததும் கலைந்து போகக் கூடாது. அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும். முதல் பேச்சைப் பெண்களிடமிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் முன் வரிசையில் இருக்கிற ரெண்டு ஆம்பளைகளே பேசி முடித்துவிடுவார்கள்.

ஒரு போகத்தை முழுசாக எடுங்க

மூணாவதுதான் முக்கியம். நாமே எடுக்க வேண்டும்.

பயப்பட வேண்டாம். விழாவுக்கு அனுப்ப இல்லை. கையில் இருக்கிற போனே போதும். ஒரு வயல், வரப்பில் ஒரு இடம். விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும் வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று ரெண்டு நிமிஷம் எடுங்கள். அந்த வாரம் என்ன செய்தோம், எவ்வளவு செலவு, யார் வேலைக்கு வந்தார்கள், என்ன பூச்சி வந்தது, எதைத் தெளித்தோம், கேட்டதா கேட்கவில்லையா என்று வாயால் சொல்லுங்கள். பயிர் சாய்ந்தால் சாய்ந்ததையும் எடுங்கள். முக்கியமாக அன்னைக்கு எடுங்கள். அன்னைக்குத்தான் எடுக்க மனசு வராது. கடைசியில் வரவு செலவை ஒரு தாளில் எழுதி அதையும் காட்டுங்கள். நாலு மாசத்தில் பதினாறு, பதினேழு துண்டு சேரும். சேர்த்து ஒட்டினால் அரை மணி நேரம். புதுசாக விவசாயத்துக்கு வருகிற ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

கடைசியாக, வெளியிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களிடம் வைக்க வேண்டிய நிபந்தனை. விரட்ட வேண்டாம். அவர்களால்தான் நம்ம குரல் வெளியே போகிறது. ஆனால் கேமராவை விரிப்பதற்கு முன்னால் நாலு விஷயம் பேசிவிடுங்கள். வெளியிடுவதற்கு முன்னால் எங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வரவு சொன்னால் செலவும் இருக்க வேண்டும். தலைப்பை எங்களிடம் கேட்டு வைக்க வேண்டும். ஒரு பிரதி எங்களிடம் இருக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் டீ போட்டுக் கொடுத்து வரப்பில் கூட்டிப் போங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டீ மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

"அந்த அம்மா பாத்துருச்சா?" என்று கேட்டாரே ஒருத்தர், அந்தக் கேள்வியை மேடையில் நின்ற தம்பியும் மறக்கவில்லை போலிருக்கிறது. விழா முடிந்ததும் தேடிப் போய்ப் பேசினேன். நம்பர் வாங்கிக்கொண்டேன். போன மாசம் போன் பண்ணினார். படத்தை அந்த அம்மா வீட்டுத் திண்ணையிலேயே போட்டுக் காட்டிவிட்டாராம். "என்னப்பா சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "கிணத்துல தண்ணி ஊறினதைக் காட்டவே இல்லையேன்னு திட்டிட்டாங்க ஐயா. நான் வந்தது சித்திரையில, ஐப்பசியில வந்திருக்கணுமாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. ஐப்பசியில் மறுபடி போகப் போகிறாராம்.

வருகிற தை அறுப்பு முடிந்ததும் எங்கள் களத்தில் மூணு படம் போடப்போகிறோம். அவர் படமும் ஒன்று. இன்னொன்று நான் போனில் எடுத்துக்கொண்டு வருகிற இந்த வருஷக் கவுனி. இதுவரைக்கும் ஒன்பது வாரம் ஆகியிருக்கிறது; அஞ்சாவது வாரத்துக் களையைப் பார்த்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது, ஆனாலும் வெட்டப் போவதில்லை. குத்தகையில் நொந்துபோன தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வந்தால் முதலில் பேசப் போவது அவர்தான்.